புட்டிக்குள் முளைத்த பசுமை
மருத்துவர் வார்டின் வாழ்க்கை

வீட்டில் செடி வளர்ப்பதில் ஆசை இல்லாதவர் நம்மில் யார்? பக்கத்து வீட்டில் ஒரு செடியைக் கண்டால் போதும், ஒரு கிளையைக் கேட்டு வாங்கி வந்து தொட்டியில் ஊன்றி விடுகிறோம். சில கிளைகள் தழைக்கின்றன. சிலவோ மூன்றாம் நாளே தலை சாய்ந்து வாடிவிடுகின்றன. தண்ணீர் ஊற்றியும் வாடுவானேன் என்று நாம் வருந்துகிறோம்.

காரணம் எளியது. வெட்டிய கிளைக்கு வேர் இல்லை. வேர் இல்லாததால் மண்ணிலிருந்து போதிய நீரை அதனால் உறிஞ்ச இயலாது. ஆனால் அதன் இலைகளோ எப்போதும்போல் நீரை ஆவியாக வெளியே விட்டுக்கொண்டிருக்கின்றன. வரவு இல்லை, செலவு மட்டும் உண்டு. அக்குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? அந்தக் கிளையின்மீது ஒரு கண்ணாடிப் புட்டியைக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே காற்று ஈரமாகவே இருக்கும். இலையின் செலவு குறையும். வேர்விடும் வரை கிளை பிழைத்திருக்கும்.

தோட்டக்காரர்கள் நெடுநாளாகக் கையாண்டு வந்த உபாயம் இது. ஆனால் மூடிய கண்ணாடிக்குள் ஒரு செடி சில நாட்கள் மட்டுமன்று, பல ஆண்டுகள்கூட வாழ முடியும் என்று கண்டு, அதை உலகறியச் செய்தவர் ஒரு மருத்துவர். அவர்தாம் இலண்டன் மாநகரைச் சேர்ந்த நத்தானியல் பாக்ஷா வார்டு. அன்னாரின் வாழ்க்கையைச் சற்றே அறிந்துகொள்வோம்.

இளமை

வார்டு 1791-ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். தந்தையும் மருத்துவரே. ஆனால் சிறுவன் வார்டுக்கு மருந்துப் புட்டிகளைவிடக் கப்பல்களின்மீதே மோகம் மிகுதி. மாலுமியாக வேண்டும் என்று அடம்பிடித்தான். தந்தை அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பதின்மூன்றாம் வயதில் அவனைக் கப்பலேற்றி ஜமைக்காத் தீவுக்கு அனுப்பி வைத்தார்.

கடல் வாழ்க்கையின் கடுமை சிறுவனின் மாலுமி ஆசையைப் போக்கிவிட்டது. ஆனால் அந்தப் பயணம் வேறோர் ஆசையை விதைத்துவிட்டது. ஜமைக்காவின் பனைகளையும், ஓங்கி வளர்ந்த பெரணிகளையும் கண்ட அவன் மனம் செடி கொடிகளின்பால் சென்றது. அன்று பிடித்த அந்த ஆசை அவரைவிட்டு இறுதிவரை நீங்கவில்லை.

நாடு திரும்பிய பின் மருத்துவம் பயின்றார். மருந்து மூலிகைகளைக் கற்பதற்காகச் செல்சி என்ற இடத்திலுள்ள மூலிகைத் தோட்டத்துக்கும் சென்று வந்தார். பின்னர்த் தந்தையின் தொழிலை ஏற்று, கிழக்கு இலண்டனில் வெல்குளோஸ் சதுக்கத்தில் இருந்த வீட்டிலேயே நோயாளிகளைப் பார்க்கலானார்.

புகை சூழ்ந்த வீடு

அக்காலத்துக் கிழக்கு இலண்டன் எப்படி இருந்தது? கப்பல் துறை, பட்டறைகள், தொழிற்சாலைகள், நெருங்கி நின்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்புகள். சமையலறை அடுப்பு முதல் ஆலைக் கொதிகலன் வரை எல்லாவற்றிலும் நிலக்கரியே எரிந்தது. சுவரிலும் துணியிலும் கரி படிந்தது. மனிதரின் நெஞ்சிலும் படிந்தது. வார்டு நாள்தோறும் பார்த்த நோயாளிகளில் பலர் இந்தக் காற்றைச் சுவாசித்தே வாழ்ந்தவர்கள்.

தம் வீட்டு முற்றத்தில் பசுமையைக் காண வேண்டும் என்று வார்டு விரும்பினார். பாறைகளை அடுக்கி ஒரு செயற்கைக் குன்று அமைத்தார். மேலிருந்து நீர் கசிந்து வடியும்படி குழாய் வைத்தார். பெரணிகளையும் பாசிகளையும் தேடிக் கொணர்ந்து நட்டார். ஆனால் புகை அவற்றை ஒவ்வொன்றாகக் கொன்றது. பலமுறை முயன்றும் பயனில்லை. இறுதியில் அம்முயற்சியையே கைவிடும் நிலைக்கு வந்துவிட்டார்.

தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று

1829-ஆம் ஆண்டில் ஒரு நாள், அந்துப்பூச்சி ஒன்று கூட்டுப்புழுவிலிருந்து வெளிவருவதைப் பார்க்க வார்டு விரும்பினார். வாயகன்ற கண்ணாடிப் புட்டி ஒன்றில் ஈரமான இலைமக்கை இட்டு, அதில் கூட்டுப்புழுவைப் புதைத்து, மூடியால் மூடி வைத்தார். நாள்தோறும் அதைக் கவனித்து வந்தார்.

பகலில் வெயிலின் வெப்பத்தால் மண்ணிலிருந்த ஈரம் ஆவியாகி எழுந்தது. கண்ணாடியின் உட்புறத்தில் நுண்துளிகளாகப் படிந்தது. பின்னர் அத்துளிகள் வழிந்து மண்ணுக்கே திரும்பின. ஆகவே மண் காயவே இல்லை. அந்துப்பூச்சி வெளிவரச் சுமார் ஒரு வாரம் இருக்கும்போது, மண்ணின்மேல் இரண்டு பச்சைப் புள்ளிகள் தோன்றின. ஒன்று பெரணி. மற்றொன்று புல்.

வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? அந்துப்பூச்சியைப் பார்த்துவிட்டுப் புட்டியைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். வார்டு அப்படிச் செய்யவில்லை. தம் முற்றத்தில் எத்தனையோ பாடுபட்டும் பிழைக்காத பெரணி, யாரும் நடாமலே இந்தப் புட்டிக்குள் முளைத்ததேன் என்று சிந்தித்தார். புகையற்ற காற்று, ஈரம், வெளிச்சம், கடுங்காற்று படாத நிலை ஆகியவையே பெரணிக்கு வேண்டியவை. அவை யாவும் இப்புட்டிக்குள் இருந்தன. வெளியிலோ புகை மட்டுமே மிஞ்சி இருந்தது.

அந்தப் பெரணி எங்கிருந்து வந்தது? பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. இலையின் அடிப்புறத்திலுள்ள பழுப்பு நிறப் புள்ளிகளிலிருந்து தூளினும் நுண்ணிய வித்துகள் உதிர்கின்றன. ஈரமான இடத்தில் விழுந்த வித்து, முதலில் இதய வடிவில் நகக்கண் அளவே உள்ள ஒரு பச்சைத் தகடாக வளர்கிறது. அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால்தான் கருவுறுதல் நடந்து புதிய பெரணி எழும். காய்ந்தால் அத்தகடு எளிதில் மடிந்துவிடும். மூடிய புட்டியில் அந்த ஈரம் காயாமல் இருந்தது. ஆகவேதான் இலைமக்கில் ஒளிந்திருந்த வித்து உயிர் பெற்றது.

வார்டு அப்புட்டியைத் தம் அறையின் வடக்குச் சன்னலுக்கு வெளியே வைத்தார். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அந்தப் பெரணியும் புல்லும் ஒரு சொட்டு நீர் ஊற்றாமலே வாழ்ந்தன. புல் ஒருமுறை பூக்கவும் செய்தது. பின்னர் அவர் வெளியூர் சென்றிருந்தபோது மூடி துருப்பிடித்து, மழைநீர் உள்ளே புகுந்து, அவை அழிந்தன. ஆனால் அதற்குள் வார்டுக்கு வேண்டிய பாடம் கிடைத்துவிட்டது.

இத்தகைய கண்ணாடிப் பெட்டியில் செடி வளர்க்கலாம் என்பதை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மக்கனோக்கி என்பவரும் தனியே கண்டிருந்தார். அவர் அதை வெளியிடவில்லை. வார்டோ ஆராய்ந்தார், எழுதினார், எல்லார்க்கும் காட்டினார்.

கடல் கடந்த பெட்டிகள்

இலண்டனுக்கு அருகே ஹாக்னி என்னுமிடத்தில் ஜார்ஜ் லாடிஜஸ் என்ற பெயர்பெற்ற நாற்றுப்பண்ணை உரிமையாளர் இருந்தார். அவருடைய உதவியுடன் வார்டு பல கண்ணாடிப் பெட்டிகளைச் செய்து, நூற்றுக்கும் மேற்பட்ட செடி வகைகளை வளர்த்துப் பார்த்தார். அப்போது இருவருக்கும் ஓர் எண்ணம் தோன்றியது.

அந்நாளில் கப்பலில் செடிகளைக் கொண்டு வருவது பெரும்பாடு. மேல்தளத்தில் வைத்தால் உப்புத் திவலை பட்டுக் கருகும். கீழ்த்தளத்தில் வைத்தால் வெளிச்சமின்றிச் சாகும். குடிநீரே அளந்து கொடுக்கப்படும் கப்பலில் செடிக்கு யார் நீர் ஊற்றுவார்கள்? சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு வரும் செடிகளில் ஆயிரத்துக்கு ஒன்றே பிழைக்கிறது என்று 1819-இல் லிவிங்ஸ்டன் என்ற மருத்துவர் கணக்கிட்டிருந்தார்.

1833 சூன் மாதத்தில் வார்டு இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் பெரணிகளையும் புற்களையும் நட்டு, சார்லஸ் மல்லார்டு என்ற கப்பல் தலைவரிடம் ஒப்படைத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். ஏறத்தாழ ஆறு மாதப் பயணம். செடிகள் உயிருடன் போய்ச் சேர்ந்தன. 1834 பிப்ரவரியில் அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகளை நட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கப்பல், கொம்பு முனையைச் சுற்றியபோது தளத்தின்மேல் பனி ஒரு அடி உயரம் படிந்திருந்தது. வெப்பமானி பாரன்ஹீட் 20 டிகிரி காட்டியது. பூமத்திய ரேகையருகே அதுவே 120 டிகிரியாயிற்று. எட்டு மாதங்களுக்குப் பின் கப்பல் இலண்டனை அடைந்தபோது வார்டும் லாடிஜசும் ஏறிச் சென்று பார்த்தார்கள். செடிகள் பசுமை மாறாமல் நின்றன. அவர்கள் மகிழ்ச்சியை நாம் ஊகித்துக்கொள்ளலாம் அல்லவா?

முன்பு இருபதில் பத்தொன்பது செடிகளை இழந்து வந்த தாம், இப்பெட்டி வந்தபின் இருபதில் பத்தொன்பதைக் காப்பாற்ற முடிகிறது என்று லாடிஜஸ் பின்னர்க் கூறினார். இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

விலை கூறாத உள்ளம்

வார்டு நினைத்திருந்தால் இதற்கு உரிமைப் பட்டயம் பெற்றுப் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அவர் அதை நாடவில்லை. தாவரவியல் அறிஞர் வில்லியம் ஹூக்கருக்கு எல்லாவற்றையும் கடிதமாக எழுதினார். அக்கடிதம் 1836-இல் அச்சாயிற்று. 1838-இல் புகழ்பெற்ற விஞ்ஞானி மைக்கேல் பாரடே இப்பெட்டியைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1842-இல் வார்டே ஒரு நூல் எழுதினார். 1852-இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஓய்வு நேரத்தில் நண்பர்களைத் தம் வீட்டுக்கு அழைத்து நுண்ணோக்கியில் தாவரங்களைக் காட்டி மகிழ்வது அவர் வழக்கம். 1839-இல் நுண்ணோக்கிக் கழகம் தோன்றியபோது அதைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். தம் வீட்டுச் சன்னலை ஒட்டிச் சுமார் எட்டடிச் சதுரத்தில் ஒரு கண்ணாடி அறையும் அமைத்தார். அதனுள் டின்டர்ன் என்ற பழைய மடாலயத்தின் இடிந்த சன்னலைப் போல ஒரு சிறு மாதிரியைக் கட்டி, அதைச் சுற்றிப் பெரணிகளைப் படரவிட்டார்.

அவர் நூலில் நம் மனத்தைத் தொடும் பகுதி ஒன்று உண்டு. ஏழைகளின் வாழ்வை மேம்படுத்த இம்முறை எவ்வாறு உதவும் என்பதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருந்தார். புகை சூழ்ந்த தெருவில் சூரிய ஒளியும் காணாமல் வாழும் மக்களுக்குக் கையகலப் பசுமையாவது கிடைக்க வேண்டும் என்பது அந்த மருத்துவரின் ஆசை. ஆனால் அந்நாளில் இங்கிலாந்தில் கண்ணாடிக்கு வரி, சன்னலுக்கும் வரி. ஏழைக்கு எங்கே கிட்டும் கண்ணாடிப் பெட்டி? கண்ணாடி வரி 1845-இலும் சன்னல் வரி 1851-இலும் நீக்கப்பட்டன.

அதன் பின்னரும் பெட்டி முதலில் சென்ற இடம் செல்வர் மாளிகைதான். அலங்காரப் பெட்டியில் பெரணி வைக்காத வரவேற்பறை இல்லை என்னும்படி ஒரு மோகம் பரவியது. காடுகளிலிருந்து பெரணிகளைப் பறித்து விற்றார்கள். சில அரிய வகைகள் அவை இயல்பாக வளர்ந்த இடங்களிலேயே அருகிப் போயின. பசுமையை எளியவர்க்கு அளிக்க எழுந்த பொருள், காட்டின் பசுமையையே குறைத்தது வருந்தத் தக்கதே.

உலகை மாற்றிய பெட்டி

வார்டின் பெட்டி உலக வாணிபத்தையும் மாற்றியது. 1848 முதல் 1851 வரை இராபர்ட் பார்ச்சூன் என்பவர் சீனாவிலிருந்து பல்லாயிரம் தேயிலைச் செடிகளை இப்பெட்டிகளில் இமயமலைச் சாரலுக்குக் கொண்டு வந்தார். தேயிலை விதை விரைவில் முளைப்புத் திறனை இழந்துவிடும். ஆகவே அவர் பெட்டியிலிருந்த மண்ணிலேயே விதைகளைத் தூவினார். கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவை முளைத்தன!

நம் நீலகிரிக்கும் இப்பெட்டி வந்ததுண்டு. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குவினைன், சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. அதன் தாயகம் தென்னமெரிக்க மலைகள். 1860-இல் அனுப்பிய முதல் தொகுதிச் செடிகள் பெரும்பாலும் வழியிலேயே மடிந்தன. ஈக்வடார் நாட்டில் இரிச்சர்டு ஸ்புரூஸ் சேகரித்து, இராபர்ட் கிராஸ் உடன் வந்து காத்த சிவப்புப் பட்டை வகைச் செடிகள் 1861-இல் உதகமண்டலத்தை வந்தடைந்தன. வந்தவை சில நூறு செடிகளே. அங்கு அரசினர் தோட்டத்தைக் கவனித்து வந்த மக்கைவர், அவற்றின் தண்டுகளை வெட்டி வேர்விடச் செய்து பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோப்புகள் எழுந்தன. வீட்டில் நாம் ஒரு கிளையை ஊன்றிப் புதுச் செடி உண்டாக்குகிறோமே, அதே வித்தைதான் அங்கு ஒரு மலையையே நிறைத்தது.

1876-இல் பிரேசில் நாட்டிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்கு வந்த ரப்பர் விதைகள் அங்கே முளைத்தன. ஏறத்தாழ 1,900 கன்றுகள் 38 பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை நடப்பட்டன.

இதன் மறுபக்கத்தையும் நாம் மறக்கலாகாது. செடிகளின் தாய்நாடுகளுக்கு அதனால் பெரும்பயன் விளையவில்லை. பிரேசிலின் ரப்பர் வாணிபம் பின்னாளில் வீழ்ந்தே போயிற்று. மலைத் தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்து ஏழைகள் கூட்டங்கூட்டமாக இலங்கைக்குச் சென்று துன்புற்றார்கள். பெட்டிக்குள்ளிருந்த மண்ணுடன் பூச்சிகளும் நோய்க் கிருமிகளும் நாடுவிட்டு நாடு சென்றன. அதனால் மண்ணோடு செடிகளைக் கொணர்வதைப் பிற்காலத்தில் பல நாடுகள் தடுத்தன. கியூ தோட்டம் 1962 வரை இப்பெட்டிகளைப் பயன்படுத்தியது. நல்ல கருவியும் அதை ஏந்தும் கையைப் பொறுத்தே நன்மையோ தீமையோ செய்யும் அல்லவா?

வார்டு 1868 சூன் 4-ஆம் நாள், தம் எழுபத்தாறாம் வயதில், சசெக்ஸ் மாவட்டத்திலுள்ள செயிண்ட் லெனார்ட்ஸ் என்னும் கடற்கரை ஊரில் காலமானார். இலண்டனில் நார்வுட் கல்லறைத் தோட்டத்தில், பெயர் பொறிக்காத ஓரிடத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் தென்னாப்பிரிக்காவில் வளரும் ஒரு பாசி இனம் வார்டியா என்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நாமும் செய்து பார்ப்போம்

அன்னாரின் வரலாற்றைப் படித்த பின், எங்கள் வகுப்பு மாணவியர் மூன்று புட்டித் தோட்டங்கள் அமைத்தோம். வாயகன்ற கண்ணாடிப் புட்டியின் அடியில் சிறு கூழாங்கற்களைப் பரப்பினோம். அதன்மேல் அடுப்புக் கரித் துண்டுகளை இட்டோம். பின்பு மணலும் இலைமக்கும் கலந்த ஈரமண்ணை நான்கு விரற்கடை உயரம் நிரப்பினோம். முதல் புட்டியில் கணுவுடன் வெட்டிய மணி பிளான்ட் துண்டையும், இரண்டாவதில் ஒரு பிகோனியா இலையையும் ஊன்றினோம். மூன்றாவதில், கிணற்றுச் சுவரில் வளர்ந்த பெரணியின் முதிர்ந்த இலையைக் காகிதத்தில் ஓரிரவு வைத்து, உதிர்ந்த பழுப்புத் தூளைத் தூவினோம்.

மணி பிளான்ட் துண்டு மூன்றாம் வாரத்தில் புதிய இலை விட்டது. பிகோனியாப் புட்டியை நல்ல வெளிச்சம் வேண்டுமென்று நேர்வெயிலில் வைத்துவிட்டோம். இரண்டே நாளில் இலை வெந்து கூழாகிவிட்டது. மூடிய கண்ணாடிக்குள் வெப்பம் வெளியேற வழியில்லை என்பதை எண்ணாதது எங்கள் பிழையே. வார்டு வடக்குச் சன்னலைத் தேர்ந்ததன் காரணம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பெரணிப் புட்டியிலோ ஒரு மாதம் வரை ஒன்றையும் காணோம். கொட்டிவிடலாம் என்று சிலர் கூறினார்கள். பொறுத்திருப்போம் என்று மற்றவர்கள் தடுத்தார்கள். ஏழாம் வாரத்தில் மண்ணின்மேல் பச்சை படர்ந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது குட்டி இதயங்கள் பல தெரிந்தன!

நீங்களும் செய்ய விரும்பினால் சிலவற்றை நினைவில் கொள்ளுங்கள். மண் பிழிந்த துணியைப் போல் ஈரமாக இருந்தால் போதும், சேறாக வேண்டாம். கண்ணாடி முழுவதும் எந்நேரமும் நீர்த்துளி மூடியிருந்தால் சிறிது நேரம் மூடியைத் திறந்து வையுங்கள். பூஞ்சணம் பிடித்த இலையை உடனே அகற்றுங்கள். ரோசாவும் கள்ளியும் மூடிய புட்டிக்கு ஆகா. காட்டிலிருந்து செடியை வேரோடு பிடுங்காதீர்கள். ஒரு இலையின் தூளும் ஒரு சாண் கிளையுமே போதும்.

தோழியரே! வார்டு தேடியது ஓர் அந்துப்பூச்சி. அவர் கண்டது பெரணி. தாம் எதிர்பாராததையும் பொறுமையோடு பார்க்க அவருக்குக் கண் இருந்தது. பார்த்ததைப் பிறர்க்கு வழங்க மனமும் இருந்தது. நாம் வளர்க்கும் செடி வேர்விட்டுத் தழைத்ததும் அதிலிருந்து ஒரு கிளையை, முற்றமும் தோட்டமும் இல்லாத ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். அந்த மருத்துவர் தம் வாழ்நாளில் முழுவதும் காணாத ஆசையில் ஒரு சிறு பங்கையாவது நாம் நிறைவேற்றுவோமாக!